மோன்பெலியே: கதவு திறந்தால்தான் தெரியும் ஊர் – பல்கலைக்கழக நகரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சுக்குப் போகிறவர்கள் பாரிஸ் என்று ஆரம்பிப்பார்கள், நேரமும் காசும் மிச்சமிருந்தால் நீஸ் என்பார்கள். தெற்கே, மத்தியதரைக் கடலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மோன்பெலியே அந்தத் திட்டத்தில் அபூர்வமாகத்தான் இடம்பிடிக்கும். போய்வந்தவர்களிலும் சிலர், "ஊர் அழகாத்தான் இருக்கு, ஆனா பார்க்க ஒண்ணும் இல்லையே" என்று சொல்வதுண்டு.

அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தூரத்திலிருந்தே கையைக் காட்டிக் கூப்பிடும் பிரமாண்டமான சின்னம் எதுவும் இங்கே கிடையாது. இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது படிப்பு. 800 வருடங்களுக்கும் மேலாக மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது. அந்தப் படிப்பின் தடயங்கள் எல்லாம் பெரும்பாலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. எந்தக் கதவு எந்த நாளில் திறக்கும், யாரிடம் கேட்டால் திறக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பிரான்சிலேயே சுவாரசியமான ஊர்களில் இதுவும் ஒன்று. தெரியாமல் போனால் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய கதை

மோன்பெலியே என்ற பெயர் ஆவணத்தில் முதன்முதலாக வருவது 985-இல். அதாவது பக்கத்திலிருக்கும் நீம், நார்போன் போல ரோமானியர் கட்டிய ஊர் இல்லை. அந்த வட்டாரத்தில் இது பின்னால் வந்த பிள்ளை. வியாபாரத்தில் வளர்ந்த ஊர். லெஸ் ஆற்றின் வழியாக லாத் துறைமுகத்தில் கீழைநாட்டுச் சரக்கு வந்து இறங்கியது. மிளகு, லவங்கம், இஞ்சி எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்தில் மசாலாவும் மருந்தும் ஒரே கடைச் சரக்கு. சரக்கோடு ஆட்களும் வந்தார்கள், அரபு மருத்துவ நூல்களைப் படிக்கத் தெரிந்த யூத அறிஞர்கள் உட்பட.

1181-இல் ஊரை ஆண்ட எட்டாம் கியோம் ஓர் ஆணை போட்டார். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, மோன்பெலியேயில் யார் வேண்டுமானாலும் மருத்துவம் சொல்லிக்கொடுக்கலாம். யாருக்கும் தனியுரிமை கிடையாது. 1220-இல் போப்பின் தூதரான கர்தினால் கொன்ராட் இந்தப் பள்ளிக்குச் சட்டதிட்டம் எழுதிக் கொடுத்தார். 1289-இல் போப் நான்காம் நிக்கோலஸ் மருத்துவம், சட்டம், கலை எல்லாவற்றையும் சேர்த்துப் பல்கலைக்கழகமாக அங்கீகரித்தார். இத்தாலியின் சலேர்னோ மருத்துவப் பள்ளி இதைவிடப் பழையது, ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. அதனால்தான் உலகில் இன்றும் இயங்கும் மருத்துவக் கல்லூரிகளில் மூத்தது இதுதான் என்று மோன்பெலியேக்காரர்கள் மார்தட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊர் அந்தக் காலத்தில் பிரான்சில் இல்லை. இன்றைய ஸ்பெயின் பக்கத்து அரகோன் நாட்டு மன்னர் முதலாம் ஜாக் 1208-இல் பிறந்தது இங்கேதான். 1349-இல்தான் மயோர்க்கா மன்னர் இந்த ஊரைப் பிரெஞ்சு மன்னருக்கு விலைக்கு விற்றார். பிறகு 16-ஆம் நூற்றாண்டில் ஊர் புராட்டஸ்டன்ட் கோட்டையாக மாறியது. மதப்போர்களில் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. 1622-இல் பதின்மூன்றாம் லூயி முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார். இடைக்கால ஊர் என்று படித்துவிட்டு வருபவர் கண்ணுக்கு 17, 18-ஆம் நூற்றாண்டு மாளிகைகளாகவே தென்படுவதன் காரணம் இதுதான். இடைக்காலம் அடித்தளத்திலும் பாதாள அறைகளிலும் ஒளிந்திருக்கிறது.

முதல் வேலை: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் சென்னைக்காரரையே யோசிக்கவைக்கும். அதைவிட முக்கியம், ஆகஸ்ட்டில் மாணவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் ஊரில் 70,000-க்கும் மேல் மாணவர்கள். அவர்கள் இல்லாத மோன்பெலியே வேறு ஊர்.

செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் ஐரோப்பா முழுக்கப் பாரம்பரிய தினங்கள் நடக்கும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களை அந்த இரண்டு நாள் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். கதவுகளின் ஊருக்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது. வரிசையில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இசை, நடனம் பிடிக்கும் என்றால் மட்டும் வெயிலைப் பொறுத்துக்கொண்டு ஜூன் கடைசி, ஜூலையில் வாருங்கள். 1981-இல் தொடங்கிய மோன்பெலியே நடன விழாவும் 1985-இல் தொடங்கிய ரேடியோ பிரான்ஸ் இசை விழாவும் அப்போதுதான்.

திங்கட்கிழமையை மட்டும் நடுவில் வைக்காதீர்கள். ஃபாப்ர் அருங்காட்சியகம், தாவரத் தோட்டம் இரண்டுக்கும் அன்று விடுமுறை. வியாழன் வந்து ஞாயிறு கிளம்புவது நல்ல கணக்கு. ஊருக்கு மட்டும் முழுதாக இரண்டு நாள் வேண்டும், சுற்றுப்புறத்துக்கு ஒரு நாள்.

இரண்டாவது வேலை: கதவுகளுக்கு முன்பதிவு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பழைய மருத்துவக் கல்லூரிக்குள் நாமாக நுழைய முடியாது. ஊர் நடுவிலிருக்கும் கொமெதி சதுக்கத்தை ஒட்டிய சுற்றுலா அலுவலகம் நடத்தும் கைடு சுற்றில் சேர்ந்தால்தான் உள்ளே விடுவார்கள். இடைக்கால யூதர்களின் நீராடுமிடமான மிக்வே, மாளிகைகளின் உள்முற்றங்கள் போன்றவற்றுக்கும் இதேதான் வழி. இடங்கள் குறைவு, ஆங்கிலச் சுற்றுகள் அதைவிடக் குறைவு. ரயில் டிக்கெட் போடும் முன்பே அலுவலகத்தின் இணையதளத்தில் எந்த நாளில் எந்தச் சுற்று என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப மற்றதை அமையுங்கள். ஆங்கிலச் சுற்று கிடைக்கவில்லையா, பிரெஞ்சுச் சுற்றிலேயே சேர்ந்துவிடுங்கள். பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே போவதுதான் முக்கியம்.

அதே அலுவலகத்தில் 24, 48, 72 மணிநேர சிட்டி கார்டு கிடைக்கும். டிராம், அருங்காட்சியக அனுமதி, கைடு சுற்று எல்லாம் அதில் சேர்ந்து வரும். இரண்டு அருங்காட்சியகமும் ஒரு சுற்றும் பார்ப்பதாக இருந்தால் பெரும்பாலும் லாபம்தான், இருந்தாலும் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து டிராமும் பஸ்ஸும் இலவசம். அதைக் கேள்விப்பட்டு நாமும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடக் கூடாது. அந்தச் சலுகை ஊரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

இந்தியா, இலங்கை கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக்கு முன்னால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் முந்திக்கொள்வது நல்லது.

வந்து சேர்வது

பாரிஸ் லியோன் ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் மூன்றேகால், மூன்றரை மணி நேரத்தில் மோன்பெலியே. பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இது ஒரு வார இறுதிப் பயணம்தான். டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் பெயரை இரண்டு முறை பாருங்கள். 'மோன்பெலியே சேன் ரோக்' என்பது ஊரின் நடுவில் இருப்பது. இறங்கிப் பொடிநடையாகவே கொமெதி சதுக்கத்துக்கு வந்துவிடலாம். 2018-இல் திறந்த 'மோன்பெலியே சுத் த பிரான்ஸ்' ஊருக்கு வெளியே இருக்கிறது. மலிவான டிக்கெட் பல நேரம் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

பழைய நகரத்தை 'எகுஸ்ஸோன்' என்பார்கள். மேலிருந்து பார்த்தால் கேடயம் போன்ற வடிவம். உள்ளே பெரும்பகுதி நடப்பவர்களுக்கு மட்டும்தான். கல் பாவிய ஏற்ற இறக்கமான சந்துகள் என்பதால் பெரிய சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே தங்கப் போவது தண்டனை. ஸ்டேஷனுக்கும் கொமெதிக்கும் நடுவில் அறை எடுத்தால் எல்லாமே கைக்கெட்டும் தூரம். டிராமுக்கு வேலை குறைவுதான், இருந்தாலும் ஒருமுறையாவது ஏறுங்கள். நீல நிறத்தில் வெள்ளைத் தூக்கணாங்குருவிகள் பறக்கும் முதல் தடத்தின் வண்டிகள் கரூஸ்ட், பொனெட்டி இருவரின் வடிவமைப்பு. மூன்று, நான்காம் தடங்களின் வண்டிகளை அலங்கரித்தவர் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் லாக்ருவா. நான்காம் தடம் பழைய நகரத்தை வட்டமாகச் சுற்றிவரும்.

முதல் நாள் காலை: மருத்துவக் கல்லூரி

அல்பேர் பிரெமியே டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் பக்கம். வாசலில் இரண்டு வெண்கலச் சிலைகள் உட்கார்ந்திருக்கும். ஒருவர் லாபெய்ரோனி, பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர். மற்றவர் பார்த்தெஸ், இந்தப் பள்ளியின் புகழ்பெற்ற ஆசிரியர். கட்டடம் பழைய மடம், அதன்பின் ஆயர் மாளிகை. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சி பல்கலைக்கழகங்களையே கலைத்துவிட்டது. நாடெங்கும் போர் நடக்கும்போது மருத்துவர்கள் இல்லாமல் முடியாது என்று அடுத்த வருடமே மருத்துவப் பள்ளியைத் திரும்பத் திறந்தார்கள். அப்போது பள்ளி குடிவந்த இடம் இது. 2017-இல் மருத்துவ மாணவர்களுக்குப் புதிய வளாகம் வந்துவிட்டாலும் இந்தக் கட்டடம் இன்னும் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது.

உள்ளே மாணவர்கள் பட்டம் வாங்கும் மண்டபம் இருக்கிறது. மோன்பெலியேயில் மருத்துவர் உறுதிமொழி எடுப்பவர் "இந்தப் பள்ளியின் ஆசான்கள் முன்னிலையில், ஹிப்போகிரடீஸின் உருவத்தின் முன்னால்" என்று ஆரம்பிப்பார். சுவரெங்கும் பழைய பேராசிரியர்களின் ஓவியங்கள் வரிசையாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணெய்ச் சாயத்தில் கறுத்துப்போன அந்த முகங்களில் சிலவற்றுக்குப் பெயரை விடக் கதைதான் பெரிது.

அதில் ரோண்டலே கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1529 அக்டோபரில் மிஷேல் த நோஸ்ட்ரடாம் என்றொருவர் இங்கே மருத்துவம் படிக்கப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். ஆமாம், பின்னாளில் ஆரூடம் எழுதிய அதே நோஸ்ட்ரடாமஸ்தான். அவர் ஏற்கெனவே மருந்துக்கடை வேலை பார்த்தவர், மருத்துவர்களைப் பற்றித் தாறுமாறாகப் பேசியவர் என்று தெரியவந்ததும் மாணவர் பிரதிநிதி அவர் பெயரை அடித்துவிட்டு, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். அடித்த அந்தப் பிரதிநிதிதான் கியோம் ரோண்டலே. அந்தப் பக்கம் இன்றும் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ரோண்டலே பின்னாளில் மீன்களைப் பற்றி ஐரோப்பாவே படித்த நூலை எழுதினார். 1556-இல் இங்கே உடற்கூறு அரங்கு எழுந்ததற்கும் அவர் காரணம். அதே காலத்தில் பாசல் நகரத்திலிருந்து படிக்க வந்த ஃபெலிக்ஸ் பிளாட்டர், பிணம் கிடைக்காததால் நண்பர்களோடு ராத்திரியில் கல்லறையைத் தோண்டிய கதையைத் தன் குறிப்புகளில் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்.

பிரெஞ்சு நகைச்சுவை எழுத்தாளர் ரபெலேயும் இங்கே படித்தவர்தான். 1530 செப்டம்பரில் சேர்ந்து, 1537-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 'ரபெலேயின் அங்கி' என்ற சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு பட்டம் வாங்குவது பிற்கால மாணவர்களுக்குப் பெருமை. ஆளுக்கொரு துணுக்கு கிழித்து எடுத்துக்கொண்டு போனதால் அங்கி குட்டையாகிக்கொண்டே போக, புதிது தைக்க வேண்டிவந்தது. 1878-இல் இங்கே பட்டம் பெற்ற ஸ்காட்லாந்துப் பெண் ஆக்னஸ் மெக்லாரனும் நினைவில் வைக்க வேண்டியவர். சொந்த நாட்டில் பெண்களுக்குக் கதவு மூடியிருந்த காலம் அது. பின்னாளில் அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை அமைய முன்நின்றவர் அவர்.

சுற்றின் உச்சம் உடற்கூறு அருங்காட்சியகம். நீளமான மண்டபத்தில் கண்ணாடி அலமாரிகள். ஆயிரக்கணக்கில் எலும்புகள், மெழுகில் செய்த உறுப்புகள், திரவத்தில் போட்ட மாதிரிகள். இது விளையாட்டுக் கண்காட்சி இல்லை. உண்மையான மனித உடல் பாகங்கள், பிறக்காமலே போன சிசுக்கள் எல்லாம் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். பெரியவர்களிலும் மனசு தாங்காதவர்கள் வெளியே இருந்துவிடலாம். நான் மெழுகு மாதிரிகளிடம்தான் அதிக நேரம் நின்றேன். இத்தாலிக் கைவினை, ஒவ்வொரு நரம்பும் தனியாகத் தெரியும்.

அதே கட்டடத்தில் அட்ஜே ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது. டியெப்போலோ, ஃப்ராகொனார் போன்றவர்களின் கைவரைவுகள். மருத்துவ மாணவர்கள் நல்ல கலையையும் பார்த்து வளரட்டும் என்று அட்ஜே என்ற சேகரிப்பாளர் கல்லூரிக்கே கொடுத்துவிட்டுப் போனவை. திறப்பது வாரத்தில் சில வேளைகள் மட்டும்தான், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் ஒட்டினாற்போல் சேன் பியேர் பேராலயம். முகப்பில் நிற்கும் இரண்டு உருண்டைத் தூண்களைக் கட்டிப்பிடிக்கப் பல ஆட்கள் கைகோக்க வேண்டும். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் விட்டம். 1364-இல் போப் ஐந்தாம் ஊர்பன் நிறுவிய மடத்துக் கோயில் இது. அவரும் இந்த ஊரில் சட்டம் படித்துப் பின் சொல்லிக்கொடுத்தவர். மதப்போர்களில் மற்றவை எல்லாம் விழுந்தபோது, அடிபட்டாலும் நின்றது இது ஒன்றுதான். பார்ப்பதற்குக் கோயிலைவிடக் கோட்டை போலத்தான் இருக்கும்.

மதியம்: செண்பகத்துக்குப் பெயர் கொடுத்தவரின் தோட்டம்

சாலையைத் தாண்டினால் தாவரத் தோட்டம். அனுமதி இலவசம். காலையில் போய்க் கதவைத் தட்டாதீர்கள், மதியம்தான் திறப்பார்கள். 1593-இல் நான்காம் ஹென்றி ஆணையின்படி ரிஷே த பெல்வால் அமைத்த தோட்டம் இது. பிரான்சின் மிகப் பழைய தாவரத் தோட்டம். பாரிஸில் இருப்பது இதற்குப் பிறகு வந்தது. மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1622 முற்றுகையில் தோட்டம் நாசமானது. பெல்வால் மனந்தளராமல் திரும்ப நட்டார்.

உள்ளே போனதும் அவர் எழுப்பிய மண்மேட்டைத் தேடுங்கள். நீளமான, படிப்படியான மேடு. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல், மேலே வறட்சி, கீழே ஈரம். ஒரே இடத்தில் பல விதமான நிலங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் அதற்கேற்ற செடியை நடுவது அவருடைய யோசனை. நானூறு வருடத்துக்கு முந்தைய இந்த ஏற்பாட்டைப் பார்த்தால், வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று கண்ணில் தெரியும். அங்கே முறுக்கிய அடிமரத்தோடு ஒரு பழைய ஃபிலேர் மரமும் நிற்கிறது. மரமெங்கும் பொந்துகள். காதலர்களும் பரீட்சை எழுதுபவர்களும் அவற்றில் சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போவார்கள். படிக்க ஆசை வரும். பிறர் சீட்டு, விட்டுவிடுங்கள்.

இந்தத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர்களில் பியேர் மாஞோல் முக்கியமானவர். செடிகளைக் குடும்பங்களாகப் பிரிக்கலாம் என்று 1689-இல் எழுதியவர். மாக்னோலியா என்ற பேரினத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் தலையில் வைக்கும் செண்பகத்தின் தாவரவியல் பெயரும் இன்று மாக்னோலியா சம்பாகா.

தோட்டத்துக்கு எதிர்ப்புறம் பழைய மதிலில் மிஞ்சிய பைன் கோபுரம் தெரியும். அதன் உச்சி மரங்கள் பட்டுப்போனால் ஊர் அழியும் என்று நோஸ்ட்ரடாமஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. பைன் மரங்கள் எப்போதோ போய், இப்போது நிற்பவை சைப்ரஸ். ஊர் நன்றாகத்தான் இருக்கிறது.

மாலை: பெய்ரு மேடை

வெயில் சாயும் நேரத்துக்குப் பெய்ரு பூங்காவை வையுங்கள். ஊரின் உயரமான இடம். நடுவில் குதிரைமேல் பதினான்காம் லூயி. முதல் சிலை பாரிஸில் வார்க்கப்பட்டு, ஆறு, கடல் என்று சுற்றி வந்து, 1718-இல்தான் இங்கே ஏறியது. புரட்சியில் அதை உருக்கிவிட்டார்கள்; இப்போது நிற்பது 1838-இல் வைத்தது. சேணத்தில் கால்மிதி வைக்க மறந்துவிட்டதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ரோமானியப் பேரரசர் பாணியில் செய்த சிலை. அந்தப் பாணியில் கால்மிதி கிடையாது.

பூங்காவின் கடைசியில் கோயில் மண்டபம் போல ஒரு நீர்த்தொட்டிக் கட்டடம். அதன் பின்னால் இரண்டடுக்கு வளைவுகளில் நீர்ப்பாலம் தொடங்கி ஊருக்கு வெளியே நீளும். 18-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிட்டோ கட்டியது; சேன் கிளெமான் ஊற்றிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுவந்தார். நீரோட்டத்தின் வேகம் அளக்கும் பிட்டோ குழாயைப் பற்றிப் பொறியியல் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிட்டோதான். இன்று விமானத்தின் வேகம் அளப்பதும் அதே தத்துவத்தில். செவ்வாய், சனிக்கிழமை காலைகளில் வளைவுகளின் கீழ் சந்தை கூடும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஆலிவ், பழம் வாங்க நல்ல இடம்.

இரண்டாம் நாள்: சந்துகளும் ஓவியமும்

காலையில் சந்துகள். கனூர்க் சதுக்கத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இருக்கும் நீரூற்றிலிருந்து ஆரம்பித்து, வழிதவறுவது பற்றிக் கவலைப்படாமல் இறங்குங்கள். பரலெரி தெருவில் தரைக்குக் கீழே மிக்வே இருக்கிறது. இடைக்கால யூதர்கள் சடங்குக்காக நீராடிய இடம். நிலத்தடி நீர் இன்றும் தெளிவாக நிற்கிறது. ஐரோப்பாவில் நன்றாக மிஞ்சிய இத்தகைய இடங்கள் சிலதான். மேலே தெருவில் மாணவர்கள் பீட்சா தின்றுகொண்டு போவார்கள். ஒரு மாடி இறங்கினால் எண்ணூறு வருடம் பின்னால் போய்விடலாம்.

அங்கிருந்து சேன் ரோக் தேவாலயம் போங்கள். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ஆரோக்கியநாதர் என்று கும்பிடும் புனித ரோக் பிறந்த ஊர் இதுதான். கொள்ளைநோயிலிருந்து காப்பவர், தொடைப் புண்ணும் காலடியில் ரொட்டி கவ்விய நாயும் அடையாளம். ஆகஸ்ட் 16 திருவிழா. கட்டடம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கலையில் பிரமாதம் என்று சொல்ல முடியாது. எதிர்ச்சுவரில் வரைந்திருக்கும் பொய் ஜன்னல்களும் பால்கனிகளும்தான் எல்லார் கேமராவையும் இழுக்கும்.

மதியம் ஃபாப்ர் அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம். ஊர்க்காரரான ஓவியர் ஃபாப்ர் 1825-இல் தன் சேகரிப்பைக் கொடுக்க, 1828-இல் திறந்தது. அவசரமாக இருந்தால் நேராக ஓவியர் குர்பேயிடம் போங்கள். 1854-இல் அவர் வரைந்த 'சந்திப்பு' இங்கே இருக்கிறது. முதுகில் மூட்டையோடு ஓவியர் ஊருக்கு வருகிறார். புரவலர் ப்ருயாஸ் தொப்பியைக் கழற்றி வணங்க, வேலைக்காரர் தலைகுனிந்து நிற்கிறார். தாடியை முன்னால் நீட்டி நிமிர்ந்து நிற்பவர் ஓவியர் மட்டுமே. வரைந்ததும் அவரேதான்! காசு கொடுத்த ப்ருயாஸுக்குக் கோபம் வரவில்லை. பின்னால் தன் சேகரிப்பை இந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அடுத்து ஃப்ரெதெரிக் பஸீல். மோன்பெலியேயில் பிறந்து, மருத்துவம் படிக்கத் தொடங்கி, ஓவியத்துக்குப் போய், மோனேவோடு பழகி, 1870 போரில் 28 வயதில் இறந்தவர். பிழைத்திருந்தால் என்ற எண்ணம் அந்த அறையில் வராமல் இருக்காது. கடைசியில் சுலாஜின் கறுப்பு ஓவியங்கள். கொஞ்சம் நகர்ந்து நின்று வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

பழசு போதும் என்று தோன்றினால் கொமெதியிலிருந்து கிழக்கே நடந்து, ரிக்கார்டோ போஃபில் பழைய கிரேக்கப் பாணியில் வடிவமைத்த ஆன்டிகோன் குடியிருப்பைத் தாண்டி லெஸ் ஆற்றங்கரைக்குப் போகலாம். எனக்கு அந்தச் செயற்கைக் கிரேக்கம் ஒட்டவில்லை.

சாப்பாடு, பழக்கவழக்கம்

மதிய உணவு 12-லிருந்து 2 மணிக்குள். அதைத் தாண்டினால் பல அடுப்புகள் அணைந்திருக்கும். கடையில் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு அப்புறம் எதையும் கேளுங்கள். சொல்லாமல் கேட்டால் முகம் சுருங்கும். சைவக்காரர்கள் 'சான் வியான்ட், சான் புவாசோன்' என்று இறைச்சி, மீன் இரண்டையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். இல்லையென்றால் மீன் வந்து நிற்கும். அசைவத்தில் பூஸிக் சிப்பியும், சேத் ஊரின் கணவாய் அடைத்த காரமான 'தியேல்' அடையும் கட்டாயம். தேனும் அதிமதுரமும் சேர்ந்த 'க்ரிஸெத்' கறுப்பு மிட்டாய் ஊர் திரும்பக் கொண்டுபோகத் தோதானது.

மூன்றாம் நாள்: வெளியே

கார் இல்லாவிட்டால் சேத். ரயிலில் இருபது நிமிடம். கவிஞர் போல் வலேரி பிறந்த, அடக்கம் செய்யப்பட்ட துறைமுக ஊர். மோன்பெலியேயின் கலைப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. கார் இருந்தால் மலையிடுக்கில் இருக்கும் சேன் கிலெம் லெ தெஸேர். 804-இல் நிறுவிய மடம் அங்கே இருக்கிறது. அதன் முற்றத் தூண்கள் பல விலைபோய் இன்று நியூயார்க்கில் நிற்கின்றன. அங்கே பஸ் குறைவு, திரும்பும் வண்டியின் நேரம் தெரியாமல் கிளம்பக் கூடாது.

இவற்றை விட்டுவிட்டு நான் சொல்வது பெஸனாஸ். மோன்பெலியேயிலிருந்து வட்டாரப் பஸ் உண்டு. அந்த ஊர்ப் பேக்கரிகளில் நூல்கண்டு வடிவில் சின்னச் சின்ன அடைகள் (ஆங்கிலத்தில் 'pie') விற்கும். உள்ளே கொத்திய ஆட்டிறைச்சி, பழுப்புச் சர்க்கரை, எலுமிச்சைத் தோல். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் எடுத்த அதே ராபர்ட் கிளைவ் உடம்பு தேற 1768-இல் இங்கே தங்கியபோது, அவருடைய சமையற்காரர்கள் விட்டுப்போன பதார்த்தம் இது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். முதல் கடியில் இனிப்பா, காரமா என்று நாக்கு குழம்பும். சூடாக வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள். ஆறினால் கொழுப்பு உறைந்து சுவை போய்விடும்.